என்ட்ரன்ஸா, என்ட்ரியா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகள் சிலவற்றை வெளியூர்க்காரர்கள் பார்க்கத் திறந்துவிட்ட பிறகு, ஆங்கிலத்தில் போர்டு எழுதும் வேலையும் வந்துவிட்டது. வாசலுக்கு மேல் என்ட்ரன்ஸ் என்று எழுதுவதா, என்ட்ரி என்றா?

வாசலுக்கு என்ட்ரன்ஸ்தான். அது முதலில் இடத்தைச் சொல்கிறது. இருபக்கமும் திண்ணை, நடுவில் பர்மா தேக்கில் இழைத்த நிலைக்கதவு என்று நிற்கும் முகப்புக்கு வேறு எதை எழுதுவது? இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசல் மெயின் என்ட்ரன்ஸ் என்றால், அடுப்படி தாண்டிப் போகிற பின்வாசல் பேக் என்ட்ரன்ஸ். அமெரிக்காவில் வாசலையே என்ட்ரி என்பவர்களும் உண்டு. நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

என்ட்ரி என்றால் உள்ளே போவது, போக உரிமை இருப்பது. வளவு, அதாவது உள்முற்றம் வரை பார்க்கலாம், அதற்கப்புறம் வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அந்தக் கதவில் 'நோ என்ட்ரி'. கதவு இருக்கிறது, நீங்கள் போகக்கூடாது, அவ்வளவுதான். அங்கே 'நோ என்ட்ரன்ஸ்' என்று எழுதினால், இந்தப் பக்கம் வழியே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளவும் இடமுண்டு. டிக்கெட் காசுக்கு மட்டும் சண்டை இல்லை: என்ட்ரி ஃபீ, என்ட்ரன்ஸ் ஃபீ இரண்டும் சரி.

என்ட்ரிக்கு இன்னொரு முகம் உண்டு. பர்மா, மலாயா வரை போய் லேவாதேவி செய்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரேட்டில் ஏறும் வரவும் பற்றும் ஒவ்வொன்றும் ஓர் என்ட்ரி. அகராதியில் ஒரு சொல், கோலப் போட்டிக்கு அனுப்பும் படம், கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி, எல்லாம் இதே கணக்கு. இங்கெல்லாம் என்ட்ரன்ஸுக்கு வேலையே இல்லை. பதிலுக்கு அதன் கையில் இருப்பது பரீட்சை: சில காலேஜ் படிப்புகளுக்குப் பிள்ளைகள் எழுதுவது என்ட்ரன்ஸ் எக்ஸாம்.

நாம் தலைகீழாக்கிவிட்டது சினிமாவில். ஹீரோ வந்தால் நமக்கு 'மாஸ் என்ட்ரி'. ஆங்கில நாடக மேடையிலோ, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஒருவர் வந்தால் அது என்ட்ரன்ஸ். தமிழில் பேசும்போது நம் வழக்கமே இருக்கட்டும், ஆங்கிலத்தில் எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், என்ட்ரன்ஸை வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். இரண்டாவதில் விழுந்தால் அது வேறு சொல்: எழுத்து அதேதான், அர்த்தம் சொக்க வைப்பது.