ரீகனா, நிக்சனா? ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால்

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு ஓர் அதிபர் நூலகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பெயர்தான் நூலகம்; முன்னாள் அமெரிக்க அதிபர் ஒருவரின் ஆவணங்களும் அருங்காட்சியகமும் சேர்ந்த இடம் அது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே சிமி வேலியில் ரீகன் நூலகம், தென்கிழக்கே யோர்பா லிண்டாவில் நிக்சன் நூலகம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்; நடுவில் கிடப்பது லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக். நாங்கள் போனது நிக்சனுக்கு.

வெள்ளை மாளிகையில் அதிபரின் அலுவலகமான ஓவல் அறையின் மாதிரி, பரிசுப்பொருள் கடை எல்லாம் இரண்டிலும் உண்டு. அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

ரீகனில் பெரிய ஈர்ப்பு விமானம்தான். நிக்சன் முதல் ஜூனியர் புஷ் வரை 7 அதிபர்கள் பறந்த போயிங் 707, உள்ளே ஏறி நடக்கலாம். பெர்லின் சுவரின் ஒரு துண்டும் நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் அவசரமாக. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்டு ரீகன் அரசு மாட்டிக்கொண்ட ஈரான்-கான்ட்ரா விவகாரத்தைப் பற்றி அங்கே எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. ஓட்டத்தில் தாண்டி வந்திருப்பேனோ என்னவோ.

எனக்கு நிக்சன் பக்கம் சாயக் காரணம் அதுதான்: கதையை யார் சொல்கிறார்கள் என்பது. 1990இல் திறந்தபோது அதை நடத்தியது தனியார் அறக்கட்டளை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய, நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலுக்கான பகுதியில் நிக்சன் தரப்பு நியாயம்தான் தூக்கலாக இருந்தது. 2007இல் அரசின் தேசிய ஆவணக் காப்பகம் பொறுப்பேற்று, 2011இல் அந்தப் பகுதியைப் புதிதாகவே அமைத்தது. வெள்ளை மாளிகைப் பேச்சுகளை நிக்சன் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்றில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோன கதை வரை இப்போது ஒளிவுமறைவு இல்லை. ஓர் ஆளைக் கொண்டாடக் கட்டிய இடத்திலேயே அவர் செய்த தப்பையும் விலாவாரியாகப் படிப்பது தனி அனுபவம்.

வெளியே வந்தால் அவர் பிறந்த வீடு. 1912இல் அவருடைய அப்பா கட்டியது. கீழே அவர் பிறந்த கட்டில், மேலே பையன்கள் படுத்த குறுகலான பரண் அறை. பதவி விலகிய 1974 ஆகஸ்ட் 9 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து அவரை ஏற்றிப்போன ஹெலிகாப்டரும் நாங்கள் போனபோது அதே வளாகத்தில்தான் நின்றது. வீட்டிலிருந்து நாலெட்டு நடந்தால் கல்லறை.

அப்பாவுக்கு நிக்சன் என்றால் 1971தான். வங்கதேசப் போரின்போது நம்மை மிரட்ட வங்காள விரிகுடாவுக்கு அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையிலிருந்து போர்க்கப்பல்களை அனுப்பிய ஆள். கல்லறைக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சமாதானம் செய்தவர் என்ற பட்டம்தான் வரலாறு தரக்கூடிய மிகப் பெரிய கௌரவம் என்று போட்டிருப்பதைச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்ப அந்தக் கப்பலு?” என்றார்.