நிகோடின் சூயிங்கமா, வெறும் சூயிங்கமா?

சிகரெட்டை விட நினைப்பவருக்கு இன்று இரண்டு வகை சூயிங்கம் விற்கிறார்கள். ஒன்று நிகோடின் உள்ளது. அட்டையின் முதுகில் 2 மி.கி. அல்லது 4 மி.கி. என்று அச்சடித்திருக்கும். இன்னொன்று ‘நிகோடின் இல்லாதது’, ‘மூலிகை’, ‘நூறு சதம் இயற்கை’ என்ற அடைமொழிகளோடு பச்சை நிறப் பெட்டியில் வருவது. இவற்றோடு பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் சாதாரணப் புதினா சூயிங்கத்தையும் வரிசையில் நிறுத்தித்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் போகப்போகத் தெரியும்.

புகைப் பழக்கத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது மூளையில். புகையை இழுத்த பத்து, இருபது வினாடிக்குள் நிகோடின் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறத்தாழ 1 முதல் 1.5 மி.கி. தான். அது நின்றுபோனால் எரிச்சல், தூக்கக் கேடு, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் படுமோசம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் தணிந்துவிடும். இரண்டாவது முடிச்சு வாயிலும் கையிலும். டீ கிளாஸ் கைக்கு வந்ததும், சாப்பிட்டு இலையை எடுத்ததும், பஸ் தாமதமானதும் விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

நிகோடின் இல்லாத சூயிங்கம் இந்த இரண்டாவது முடிச்சை மட்டும்தான் தொடும். முதலாவதற்கு அதனிடம் மருந்து இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிலவரம்.

இதற்கு நல்ல சாட்சி நிகோடின் கம்மின் ஆய்வுகளிலேயே இருக்கிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு குழுவுக்கு அசலையும் இன்னொரு குழுவுக்கு அதைப்போலவே தோன்றும் போலியையும் கொடுப்பார்கள். நிகோடின் கம்முக்கான போலி எது? நிகோடின் இல்லாத சூயிங்கம்தான். ஆக, ஏதோ புதிய கண்டுபிடிப்பு போல விற்கப்படும் இந்தப் பொருள் பல்லாண்டுகளாகச் சோதனைக்கு உள்ளாகி வந்திருக்கிறது, தோற்கிற அணியில் நின்றபடி. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, போலி கம் பெற்றவர்களையும் எதுவும் பெறாதவர்களையும் ஒரு பக்கம் வைத்து, நிகோடின் கம் மென்றவர்களை மறுபக்கம் வைத்துப் பார்த்தது. நிகோடின் இல்லாத பக்கம் பத்துப் பேர் புகையை விட்டார்கள் என்றால் நிகோடின் பக்கம் பதினைந்து பேர். வித்தியாசம் பிரமாதமில்லை, ஆனால் நிச்சயமானது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நிகோடின் இல்லாமலும் அந்தப் பத்துப் பேர் விட்டிருக்கிறார்கள். வெறும் சூயிங்கத்தைப் பரிகாசம் செய்து ஒதுக்கவும் முடியாது.

சரி, மூலிகை கம்? கிராம்பு, இஞ்சி, அதிமதுரம், யூகலிப்டஸ் என்று பட்டியல் நீளும். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியே போல இருப்பதால் நம்பத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1993-லேயே, ‘புகையை நிறுத்தும் மருந்து’ என்று டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பொருள்களைப் பட்டியல் போட்டது. கிராம்பு, கொத்தமல்லி, இஞ்சி, அதிமதுரச் சாறு, மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் அதில் இருக்கின்றன. இவை விஷம் என்பதற்காக அல்ல; சொன்ன வேலையைச் செய்வதற்கு ஆதாரம் போதவில்லை என்பதற்காக. சில்வர் அசிட்டேட்டும் அதே பட்டியலில் உண்டு. இந்த வெள்ளி உப்பைச் சேர்த்த சூயிங்கத்தை மென்றுவிட்டுப் புகைத்தால் வாயெல்லாம் உலோகக் கசப்பு ஏறும். அந்த அருவருப்பிலேயே ஆள் சிகரெட்டை விட்டுவிடுவான் என்பது கணக்கு. ஆள் விட்டது பெரும்பாலும் சூயிங்கத்தைத்தான்.

அதனால்தான் பெட்டிக்கடை சூயிங்கத்தை வரிசையில் நிறுத்தச் சொன்னேன். மூலிகை கம்முக்கும் அதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இருப்பதாகக் காட்ட ஆதாரம் இல்லை, விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சர்க்கரை இல்லாத புதினா சூயிங்கமாகப் பார்த்து வாங்கினால் போதும். புகையை விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது, அதில் சர்க்கரையையும் எதற்குச் சேர்க்க வேண்டும்? ஆனால் ஒரு நாளில் பாக்கெட் பாக்கெட்டாக மெல்லாதீர்கள். அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். (புகையை விட்ட புதிதில் மலச்சிக்கலால் அவதிப்படுபவர்களுக்கு இது வரமாகவும் அமையலாம்.)

இப்போது நிகோடின் கம். இதன் பிறப்பே சுவாரஸ்யம். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத சுவீடன் கடற்படையினர் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதை 1960-களில் க்ளாஸ் லுண்ட்கிரென் என்ற ஆய்வாளர் கவனித்தார். வாய்வழியாக நிகோடின் உள்ளே போனால் புகை இல்லாமல் இருக்க முடிகிறதே என்று அவர் எழுப்பிய யோசனையை ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர் சூயிங்கமாக்கினார். அமெரிக்காவில் 1984-ல் அனுமதி கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

நம் ஊர்க் கடையில் “அண்ணே, தம் விடுறதுக்கு ஒரு மிட்டாய் இருக்காமே?” என்று கேட்டால், “ரெண்டா, நாலா?” என்று கேள்வி வரும். பெரும்பாலானவர்கள் அங்கேயே திருதிருவென்று விழிப்பார்கள். 2 மி.கி. சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். எது வேண்டும் என்பதைச் சொல்ல ஒரே கேள்வி போதும்: காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் 4, அதற்கு மேல் என்றால் 2.

வாங்கியவர்களில் பலர் கெடுத்துக்கொள்வது மெல்லும் விதத்தில். பபிள்கம் போல நறநறவென்று மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அப்புறம் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்; “இது எனக்கு ஒத்துக்கல” என்று அட்டை குப்பைக்கு. முறை இதுதான்: மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். மிளகைக் கடித்தது போல நாக்கில் சுருக்கென்று காரம் ஏறும். ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மென்று, மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். ஒரு துண்டு அரை மணி வரை தாங்கும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், அதற்கு வாயில் அமிலத்தன்மை கூடாது. அதனால் காபி, ஜூஸ், சோடா எதுவாக இருந்தாலும் குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு இடிப்பது இங்கேதான். நம்மூரில் தம் என்பது டீயோடு ஒட்டிப் பிறந்தது. மற்ற நேரம் தாக்குப்பிடித்தவர்கூட டீக்கடை பெஞ்சில் விழுந்துவிடுவார். டீ குடித்த வாயில் நிகோடின் கம் சரியாக வேலை செய்யாது, செய்தாலும் காரம் ஏறி நிகோடின் ரத்தத்தில் சேர இருபது, முப்பது நிமிடம் ஆகும். பக்கத்தில் நிற்பவர் பற்ற வைத்த அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்த வேண்டியவருக்கு அது எந்த மூலைக்கு? அந்த இடத்தில் வெறும் சூயிங்கம் ஜெயிக்கும். கிளாஸைக் கீழே வைத்த கையோடு வாயில் போட்டு எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் மெல்லலாம், ஒரு கெடுதலும் இல்லை. நிகோடின் கம்மை டீக்குப் போவதற்கு முக்கால் மணி முன்னால் மென்று முடித்துவிட்டு, டீக்குப் பின் வெறும் கம் என்று வேலையைப் பங்கு பிரித்தால் இரண்டும் உருப்படியாக உதவும்.

ஆக, யாருக்கு எது? நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும், டீயோடு மட்டும் என்று நாளைக்கு இரண்டு மூன்று பிடிப்பவருக்கு வெறும் சூயிங்கமே போதும் என்பேன். அவரிடம் போய் நிகோடினை நீட்டத் தேவையில்லை. பல் துலக்கும் முன்பே பற்ற வைப்பவர் நிகோடின் இல்லாத கம்மை மட்டும் நம்பி இறங்கினால், பெரும்பாலும் இரண்டாம் நாள் மாலைக்குள் பெட்டிக்கடையில் நிற்பார். தோற்றது தன் மனவுறுதி என்று வேறு நினைத்துக்கொள்வார். “நிகோடினை விடுவதற்கு நிகோடினா?” என்று கேட்பவர்களுக்கு: புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாகப் புகையிலுள்ள தாரும் மற்ற நச்சுகளும், நிகோடினின் வேலை அடிமைப்படுத்துவது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

தாடை வலி, ஆடும் பல், பல்செட் உள்ளவர்களுக்கு எந்தக் கம்மும் சரிவராது. அவர்களுக்கு நிகோடின் ஒட்டுப்பட்டை இருக்கிறது. மெல்ல முடிந்தவர்கள் பட்டையை ஒட்டிக்கொண்டு, ஆசை கிளம்பும்போது நிகோடின் கம்மும் மெல்வது ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தருகிறது. வரெனிக்லின் மாத்திரை, பட்டையையோ கம்மையோ தனியாக நம்புவதைவிட வலுவானது. அது டாக்டர் கையில்.

வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று பாக்குக்குத் தாவுவதுதான் மகா தப்பு. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. ஹான்ஸ் போன்ற வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதிமதுரக் குச்சியை நாள் முழுக்கக் கடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். மின்சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடை.

விலை விஷயம். நிகோடின் கம் ஒரு துண்டு பத்து ரூபாயைச் சுற்றி வரும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு துண்டு என்பதால் நாளைக்கு நூறு ரூபாய் தாண்டும். தினம் ஒரு பாக்கெட் ஊதியவருக்கு இது புதுச் செலவு இல்லை. முறை பன்னிரண்டு வாரம்: ஆறு வாரம் அப்படி, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. இப்படிக் குறைக்கும்போது காலியாகும் ஒவ்வொரு வேளைக்கும் புதினா சூயிங்கத்தைப் போட்டுக்கொள்ளலாம். எதை எப்போது குறைப்பது என்று குழப்பமாக இருந்தால் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.