கேமிங் மவுஸுக்கு பேடு வாங்கப் போறீங்களா? துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குங்க

ஐயாயிரம் ஆறாயிரம் கொடுத்து நல்ல கேமிங் மவுஸ் வாங்குகிறவர்கள்கூட, அதற்கு அடியில் போடுகிற பேடு என்று வந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவன், ராத்திரி ஆனால் வேலரன்ட் என்கிற துப்பாக்கி கேம் ஆடுகிறவன். மவுஸ் பேடும் துணிதான், துணி எடுக்கிற மாதிரியே கையில் தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போது மேசையில் கிடப்பது ஸ்டீல்சீரிஸ் க்யூசிகே ஹெவி, 450க்கு 400 மில்லிமீட்டர், 6 மி.மீ. தடிமன். நம்ம ஊருக்கு இது ரொம்பப் பொருந்துகிறது. ஆனால் எல்லோருக்கும் இதே சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அளவு. இதைக் கணக்குப் போட்டே முடிவு செய்துவிடலாம். வேலரன்டில் 800 டிபிஐ (மவுஸ் ஒரு இன்ச் நகர்ந்தால் அனுப்புகிற எண்ணிக்கை), சென்ஸ் (ஆட்டத்துக்குள் வைக்கிற வேக அமைப்பு) 0.3 வைத்து ஆடுகிறீர்கள் என்றால் ஒரு முழுச் சுற்று சுற்ற மவுஸ் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் நகர வேண்டும், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-இல் 800 டிபிஐயும் சென்ஸ் 1-ம் வைத்தால் 52. முதுகுக்குப் பின்னால் வந்தவனைச் சுட அரைச் சுற்று, அதுவே 27 செ.மீ. ஆகிவிட்டது. ஹெவியை விடச் சின்னதான மீடியம் க்யூசிகேயின் அகலம் 32 செ.மீ., அதில் மவுஸ் உட்காரவே ஆறு போய்விடும், மிச்சம் 26. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்தாலும் திரும்பி முடியாது! 45 செ.மீ. அகலம் இருந்தால்தான் கை தாராளமாக ஓடும். வேலரன்டில் அதே 800 டிபிஐயில் சென்ஸ் 0.8 வைத்து மணிக்கட்டால் மட்டும் ஆடுகிறவர்களுக்கு முழுச் சுற்றே 20 செ.மீ.தான், அவர்களுக்குச் சின்னதே போதும், காசு மிச்சம்.

இன்னொன்று, நம் வீடுகளில் பாதி கம்ப்யூட்டர் மேசைகளில் கீபோர்டு வைக்க இழுக்கிற டிரே ஒன்று இருக்கும். முழு கீபோர்டே 44 செ.மீ. வரும், பக்கத்தில் 45 செ.மீ. பேடு எங்கே போடுவது? கீபோர்டை டிரேயிலேயே விட்டுவிட்டு பேடை மேலே போட்டால் ஒரு கை மேலே ஒரு கை கீழே என்று தோள்பட்டை வலிதான் மிஞ்சும். இரண்டையும் மேசை மேல் ஏற்றி, டிரேயை உள்ளே தள்ளிவிடுங்க. இடம் பத்தவில்லை என்றால் நம்பர் பேடு இல்லாத கீபோர்டு பார்க்கலாம். பேடு வாங்கும் முன் டேப் வைத்து மேசையை அளந்துவிட்டுப் போவது நல்லது.

சரி, துணிக்கு வருகிறேன். கடையில் பேடைச் சுருளிலிருந்து பிரித்து விரிக்கச் சொல்லுங்க, தயங்க வேண்டாம். விரல் நகத்தின் பின்பக்கத்தை வைத்து முதலில் இடமிருந்து வலமாகவும் அப்புறம் மேலிருந்து கீழாகவும் லேசாக இழுத்துப் பாருங்க. பாவு (நீளவாக்கு நூல்) ஓடும் பக்கம் ஒரு மாதிரியும் ஊடை (குறுக்கு நூல்) ஓடும் பக்கம் வேறு மாதிரியும் விரலில் படும், சென்னிமலைப் போர்வையைத் தடவினால் தெரிவது போலத்தான். இந்த வித்தியாசம் துணி பேடு எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். மலிவான பேடுகளில் அது அதிகமாக இருந்துவிட்டால் பக்கவாட்டில் மவுஸ் வழுக்கும், மேலும் கீழும் இழுக்கும்போது பிடிக்கும். ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி மேலே எகிறுவது) அடக்க மவுஸைக் கீழே இழுக்கிறவர்களுக்கு இது நேராகக் கையில் வந்து உறைக்கும். அப்புறம் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. விட்டதும் பள்ளம் உடனே மேலே எழும்ப வேண்டும். அடியில் ரப்பர் நன்றாக இருந்தால் எழும்பும், மேசையிலும் அட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கும்.

க்யூசிகே ஹெவியில் எனக்குப் பிடித்தது இந்த அமுக்கம்தான். 6 மி.மீ. என்பதால் குறி வைத்து நிறுத்தும் நேரத்தில் கையைச் சற்று அழுத்தினால் மவுஸ் பஞ்சில் இறங்கி நிற்கிறது, தலைக்குக் குறி வைக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. மேசைப் பலகை மேடு பள்ளமாக இருந்தாலும் தெரிவதில்லை. லாஜிடெக் ஜி640 இதை விடக் கொஞ்சம் நீளம், 460க்கு 400, தடிமன் 3 மி.மீ.தான், அதனால் கைக்குக் கொஞ்சம் கெட்டியாகப் படும். விடாமல் ஓடுகிற இலக்கைத் துரத்திச் சுடுகிற ஆட்டங்களுக்கு அப்படி மெல்லியது, அல்லது இன்னும் வேகமாக ஓடுகிற மேல்துணி நல்லது. ஹெவியில் மவுஸைக் கிளப்பவே கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும், துரத்துகிற ஆட்டத்தில் அது சலிப்பு தட்டும்.

இரண்டிலும் ஓரத்தில் தையல் கிடையாது. தையல் போட்டால் ஓரம் பிரியாது என்பது உண்மை, ஆனால் ஓவர்லாக் அடித்த மாதிரி நூல் மேலே எழும்பி நிற்கும் பேடு ஒன்று என் சித்தப்பா பையனிடம் இருக்கிறது, மணிக்கட்டு பூராவும் சிவப்பாகக் கோடு விழுந்துவிடுகிறது தம்பிக்கு. தையல் பேடுதான் வேண்டும் என்றால், துணி மட்டத்துக்குக் கீழே நூல் இறங்கியிருக்கிறதா என்று விரலால் ஓரத்தைச் சுற்றி ஓட்டிப் பாருங்க.

அடுத்து பிளாஸ்டிக் பேடு. லாஜிடெக் ஜி440 மாதிரி கெட்டிப் பரப்பு உள்ளவை வேகமாக ஓடும், மழைக்கால ஈரத்தில் மந்தமாகாது, துணியால் துடைத்தால் போதும். எல்லாம் சரி. ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் எப்படிப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்று நமக்குத் தெரியும், சன்னலை மூடினாலும் மேசையில் நறநறவென்று இருக்கும். கெட்டிப் பரப்பில் அந்த மண் துகள் மவுஸின் அடிப் பாதத்துக்கும் (வழுக்கி ஓட அடியில் ஒட்டியிருக்கும் துண்டு) பேடுக்கும் நடுவில் மாட்டி இரண்டையும் கீறும். துணியில் துகள் இழைக்குள் இறங்கிவிடுவதால் பாதிப்பு குறைவு. கண்ணாடி பேடு இன்னும் வேகம், இன்னும் நாள்பட உழைக்கும், ஆனால் மவுஸ் பாதம் சீக்கிரம் தேயும். புழுதிக்குப் பயப்படாமல் தினமும் துடைக்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

துணி பேடின் குறை ஈரம்தான், மறைக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் முழங்கை வியர்த்து ஒட்டும், ஐப்பசி மழையில் காற்று ஈரமானால் மவுஸ் இழுக்கும். வியர்வைக்கு நம்ம ஊரில் வழி எளிது. வேஸ்ட் துணிக் கடையில் காட்டன் லைக்ரா துண்டு கிடைக்கும், அதைக் கைக்கு அளவாகக் குழாய் மாதிரி தைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாட்டிக்கொண்டால் கை சும்மா ஓடுகிறது.

பளபளவென்று ஓரம் பூராவும் லைட் எரிகிற பேடு வேண்டாம், அந்தக் காசுக்கு மவுஸின் அடியில் ஒட்ட நல்ல டெஃப்ளான் பாதம் ஒரு செட் வாங்கினால் விளையாட்டில் வித்தியாசம் தெரியும். லைட் பேடைத் தண்ணீரில் முக்கித் துவைக்கவும் முடியாது.

துவைப்பது என்றதும் ஒன்று, போர் தண்ணியில் துவைக்காதீங்க. உப்புத்தண்ணியில் அலசிக் காய வைத்தால் கறுப்புத் துணி மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அந்த இடத்தில் மட்டும் மவுஸ் சொரசொரவென்று ஓடும். ஆத்துத்தண்ணி வருகிற நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து, கொஞ்சம் ஷாம்பு விட்டு, உள்ளங்கையால் தேய்த்து அலசுங்க. பிரஷ் போட்டால் பிசிறு கிளம்பும், அந்தப் பிசிறு சென்சார் ஓட்டைக்குள் போனால் கர்சர் துள்ளும். முறுக்கிப் பிழியவும் கூடாது. டர்க்கித் துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, வெயிலில் போடாமல் நிழலில் தட்டையாக விரித்துக் காயவிட்டால் ரப்பர் ஓரம் சுருளாது. தடிமனான பேடு காய ஒரு நாளுக்கு மேலேயே ஆகும், அதனால் மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்துத் துவைங்க.