கூட்டின் இடத்தை யாரிடம் சொல்வது?

புதுச்சேரிக்கு வடக்கே ஒரு செம்மண் ஓடையில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. எந்த ஓடை என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். ஒருவர் வாட்சாப் குழுவில் படத்தோடு இடத்தையும் போட்டுவிட்டார். மறுநாளே ஆறேழு கேமராக்கள். படம் தெளிவாக விழ வேண்டுமென்று கூட்டை மறைத்திருந்த கிளையை யாரோ ஒடித்திருந்தார்கள். ஒடித்த இடத்தில் ஈரம் காயவில்லை. ஆகவே கண்டதை எங்கே பதிவது என்ற போட்டியில் வாட்சாப்பைச் சேர்க்கவே இல்லை. மிஞ்சுபவை, பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான ஈபேர்டும், எல்லா உயிர்களையும் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்டும்.

புதுச்சேரியின் ஊசுட்டேரியில் பறவை பார்க்க ஈபேர்ட்தான். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை எத்தனை என்று கேட்டு வாங்குகிறது. முழுப் பட்டியல் கொடுத்தால், அதில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிறது. ஆனால் எந்த இனத்தின் இடத்தை மறைப்பது என்பதை ஈபேர்டே முடிவு செய்கிறது. பட்டியலில் ஒரு பறவையை மட்டும் நாம் மறைக்க முடியாது. அதனால் கூடு கண்டால் மரத்தடியில் புள்ளி வைக்காமல் ஏரி முழுவதற்குமான பொதுப் புள்ளியில் (ஹாட்ஸ்பாட்), குஞ்சுகள் பறந்த பிறகே பதிவிடுகிறேன்.

நட்சத்திர ஆமைக்கு அது போதாது. வளர்ப்புக்காகப் பிடித்து விற்கிறார்கள். அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே 2019இல் ஏற்றப்பட்ட உயிர். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்தால், 0.2 பாகைச் சதுரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள், ஏதோ ஓரிடத்தில் புள்ளி விழும். தேதியும் மாதமாகச் சுருங்கிவிடும். படத்தில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ தெரியாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இந்த மறைப்பு கடற்கரையில் இடறுகிறது. புதுச்சேரி மணலில் பங்குனி ஆமை என்ற கடலாமை இட்ட முட்டைக்குழியை மறைத்தால், புள்ளி பெரும்பாலும் கடலில் விழும். கடலூர் தேவனாம்பட்டினத்துக் குழியோ உள்நாட்டு வயலில் தெரியலாம். உலகெங்கும் உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் களஞ்சியத்துக்கும் இந்தக் கலங்கிய புள்ளியே போகிறது. கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவரான தூண்டில் வளைவு எங்கே போடலாம் என்று வரைபடம் போடுபவர் அதைத்தான் எடுப்பார். அவர் கணக்கில் அந்தக் கரையில் ஆமையே இல்லை!

எனவே ஜனவரி முதல் மார்ச் வரை நான் செய்வது இது: பொதுப் பார்வைக்கு மறைத்த புள்ளி; நம்பிக்கையான ஐநேச்சுரலிஸ்ட் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு மட்டும் சரியான இடம் தெரிய அனுமதி. நாய்கள் தோண்டுவதற்குள், முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்லும் வனத்துறை ஊழியருக்கு அன்று காலையே போனில் துல்லியமான இடம்.