என்.சி.சி.யா, ஜே.ஆர்.சி.யா? சீருடைப் பணியை விரும்பும் வடசென்னை மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் பள்ளிப் பிரிவில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, முகாமிலும் கலந்துகொண்டு தேர்வில் தேறினால் 'ஏ' சான்றிதழ் கிடைக்கும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கு நடத்தும் பொதுத் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), விளையாட்டு ஆகியவற்றுக்கே சிறப்பு மதிப்பெண் உண்டு, இளம் செஞ்சிலுவைச் சங்கமான ஜே.ஆர்.சி. அப்பட்டியலில் இல்லை. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டிய அத்தேர்வுக்கு, என்.சி.சி. அணிவகுப்பின் 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (இயல்பாக நில்) என்ற இந்திக் கட்டளைகளுக்கு வெயிலில் நின்று பழகிய உடல் ஓரளவு முன்னதாகவே தயாராகிவிடுகிறது.

ஜே.ஆர்.சி.யின் பலம் முதலுதவி. முறிந்த கையை முக்கோணத் துணியால் கழுத்தோடு தொங்கவிடுவதும், பெருகும் இரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதும் தீயணைப்பாளருக்கு முதல் நாளே தேவைப்படும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலத்தையும், அதே மாத இறுதியில் அம்மோனியாக் கசிவையும் கண்ட எண்ணூர்ப் பகுதிக்கு இத்திறன் மேலும் பொருந்தும்.

வேலையே குறி என்றால், பள்ளியில் என்.சி.சி. இருக்கும்பட்சத்தில் (எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை) அதில் சேர்வதே நல்லது, இல்லையெனில் ஜே.ஆர்.சி.யில் சேர்ந்து, மாலையில் ஓட்டப் பயிற்சியைத் தனியே தொடரலாம்.