பிட்காயின் நோடில் 1 டிபியிலிருந்து 2 டிபிக்கு மாறிய அனுபவம்

வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர்தான் என் நோடு, அதாவது பிட்காயின் பதிவுகளை வைத்துச் சரிபார்க்கிற கம்ப்யூட்டர். அதில் பிட்காயின் கோர் மென்பொருள், அதன் மேல் லைட்னிங்குக்கு (பிட்காயினை வேகமாக அனுப்பும் நெட்வொர்க்) எல்என்டி மென்பொருள், இரண்டும் சில வருடங்களாக ஓடுகின்றன. முதலில் போட்ட 1 டிபி எஸ்எஸ்டி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடம் போதவில்லை. எல்லாப் பரிமாற்றங்களின் பதிவான பிளாக்செயின் மட்டுமே 600 ஜிபியைத் தாண்டிவிட்டது, வருடத்துக்கு 80 ஜிபிக்கு மேல் ஏறுகிறது, பரிமாற்றங்களைத் தேட உதவும் எலக்ட்ரஸ் இண்டெக்ஸும் டிஎக்ஸ்இண்டெக்ஸும் தனிக் கணக்கு. புதிதாக வாங்குபவர்கள் 1 டிபி பக்கமே போகாதீர்கள்.

பேக்கப் என்றதும் எல்லோரும் அந்த 600 ஜிபியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்குப் பேக்கப்பே வேண்டாம், 2009 ஜனவரி 3 முதல் பிளாக்கிலிருந்து அத்தனையும் மற்ற நோடுகளிடம் இருக்கிறது, போனால் மறுபடி இறக்கிச் சரிபார்க்கப் பல நாள் ஆகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது எல்என்டியின் சேனல் டேட்டாபேஸுக்கு. சேனல் என்பது இரண்டு நோடுகள் தங்களுக்குள் பணம் பூட்டி வைத்துக் கணக்குப் பார்க்கும் வழி, யாருக்கு எவ்வளவு இருப்பு என்பது இதில்தான் இருக்கிறது. அதைத் தினமும் ராத்திரி காப்பி எடுத்து வைப்பது பத்திரம் மாதிரித் தெரியும், உண்மையில் ஆபத்து. பழைய காப்பியைப் போட்டு நோடைக் கிளப்பி, காலாவதியான இருப்புக் கணக்கோடு சேனலை மூடப் போனால், எதிர்த்தரப்பு அதை மோசடி என்றே எடுத்துக்கொண்டு அந்தச் சேனலில் உள்ள மொத்தப் பணத்தையும் எடுத்துவிட முடியும். நெறிமுறையே அப்படி, யாரிடமும் முறையிட முடியாது. அதனால் நான் வைத்திருப்பது இரண்டுதான்: வாலெட்டை மீட்க உதவும் 24 சொற்கள் காகிதத்தில், அப்புறம் ஒவ்வொரு சேனல் திறக்கும்போதும் மூடும்போதும் எல்என்டி தானே புதுப்பிக்கிற சின்ன சேனல் பேக்கப் ஃபைல், அது தானாக வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்விடும். டிரைவ் செத்தால் இவற்றை வைத்து மீட்கும்போது சேனல்கள் மூடப்படும், பணம் பிளாக்செயினில் உள்ள என் வாலெட்டுக்குத் திரும்பிவிடும்.

மாற்றும் வேலை சுலபம். முதலில் எல்என்டி, பிறகு பிட்காயின் கோர் என்று நிறுத்தி, லாக்கில் ஷட்டவுன் முடிந்ததற்கான வரி வரும்வரை காத்திருந்து, இரண்டு டிரைவையும் லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டி, ஃபைல்களைக் காப்பி செய்யும் ஆர்சிங்க் கட்டளையை விட்டேன். ராஸ்பெர்ரி பையிலேயே மாட்டாததற்குக் காரணம், அதன் யுஎஸ்பி போர்ட்டுகள் நான்கும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். எந்த டிரைவை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது டிரைவின் அடையாள எண்ணை (யுயுஐடி) மாற்றினால் போதும், பழையபடி ஓடும். ஓடியதும் பழைய டிரைவில் உள்ள எல்என்டி ஃபோல்டரை உடனே அழித்துவிடுங்கள், தெரியாமல்கூட அது இன்னொரு முறை கிளம்பக் கூடாது.

வாங்கும்போது டிஎல்சி வகை எஸ்எஸ்டியாகப் பாருங்கள். மலிவான க்யூஎல்சி வகையில், எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான இடம் (கேஷ்) நிரம்பியதும் காப்பி ஊர்ந்துதான் போகும். ஹார்ட் டிஸ்க்கில் பிளாக் ஃபைல்களை மட்டும் வைக்கலாம், செயின்ஸ்டேட்டை (இன்னும் செலவாகாத காயின்களின் பட்டியல்) வைத்தால் சிங்க் ஆகப் பொறுமை வேண்டும். கரண்ட் போகிற வீடு என்றால் சின்ன யுபிஎஸ் கட்டாயம், செயின்ஸ்டேட் கெட்டால் மறுபடி இறக்கத் தேவையில்லை, ஆனால் இருக்கிற பிளாக்குகளிலிருந்து அதை மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் நாள்கணக்கில் இழுக்கும்.

லைட்னிங், எலக்ட்ரஸ் எதுவும் வேண்டாம், சொந்த வாலெட்டைச் சரிபார்த்தால் போதும் என்பவர்கள் 2 டிபி வாங்கவே வேண்டாம், பழைய பிளாக்குகளைச் சரிபார்த்ததும் அழித்துவிடும் ப்ரூன் அமைப்பைப் போட்டுக்கொண்டால் கையில் இருக்கிற சின்ன எஸ்எஸ்டியே தாங்கும்.