பிளாட்பெட் லாரியின் தளத்துக்கு அடியில் டூல் பாக்ஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பக்கச் சுவர் இல்லாத தட்டையான சரக்குத் தளம் கொண்ட பிளாட்பெட் லாரியில் கருவிப் பெட்டியைத் தளத்தின் மேல் வைத்தால் சரக்குக்கான இடம் அந்த அளவுக்குக் குறையும்; அடியில் தொங்கவிட்டால் தளம் முழுவதும் சரக்குக்கே மிஞ்சும், தரையில் நின்றபடியே ஸ்பேனரையும் சங்கிலியையும் எடுத்துக்கொள்ளலாம். என் வேலை லாரியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் சில ஆண்டுகளாகத் தொங்குகின்றன. ஒன்று 2 மி.மீ. இரும்புத் தகட்டால் ஆனது, மற்றது 3 மி.மீ. அலுமினியம், இரண்டும் ஏறக்குறைய 900 மி.மீ. நீளமும் 450 மி.மீ. உயரமும் ஆழமும் கொண்டவை. வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் அலசி ஆராய்கிறார்கள். என் அனுபவத்தில், பெட்டி எத்தனை காலம் தாங்கும் என்பதை அதைத் தொங்கவிடும் முறைதான் முதலில் தீர்மானிக்கிறது. பெட்டியின் தரம் அதற்கு அடுத்ததே.

இடத்தைப் பொறுத்தவரை, கேபினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட பகுதியே சிறந்தது. பின்சக்கரத்துக்கு அப்பால் வைத்தால் மேட்டில் ஏறி இறங்கும்போது பெட்டி தரையைத் தட்டும். அங்கே சேரும் எடை முன் ஆக்சிலின் பாரத்தையும் குறைக்கும். ஆனால் அந்த நல்ல இடத்துக்கு டீசல் டேங்க், ஏர் டேங்க், பேட்டரி, சைலன்சர் எல்லாமே போட்டியிடுகின்றன. சைலன்சர் பக்கம் பெட்டி வைத்தே ஆகவேண்டுமானால் நல்ல இடைவெளியும் இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வேண்டும். அந்தப் பெட்டியில் பெயிண்ட், ஸ்பிரே டப்பா போன்றவற்றை வைக்கவே கூடாது. டயருக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியைக் காலி வண்டியில் அளப்பதில் பயனில்லை. முழு லோடு ஏறி ஸ்பிரிங் படிந்திருக்கும் நிலையில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி ஆக்சில் சாய்ந்தால் டயர் எங்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டே பெட்டியின் பின்முனையைக் குறிக்க வேண்டும்.

இனி தொங்கவிடும் முறை. கரடுமுரடான பாதையில் லாரியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டகம், முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக் கொடுக்கும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் அமர்ந்திருக்கும் தளமும் அசையும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. ஆகவே பெட்டியின் மேற்புறத்தைத் தளத்தின் குறுக்குச் சட்டங்களிலும் பின்புறத்தைச் சேஸிஸிலும் சேர்த்து முடுக்கினால், அந்த இரண்டு அசைவுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பெட்டியின் மெல்லிய தகடுதான். முதல் விரிசல் போல்ட் துளையைச் சுற்றியோ கதவுச் சட்டத்தின் மூலையிலோ தோன்றும். இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தளத்தின் குறுக்குச் சட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். சேஸிஸில்தான் பொருத்தவேண்டும் என்றால், தயாரிப்பாளரின் பாடி கட்டும் கையேட்டில் அனுமதித்த இடங்களில், சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே செங்குத்தாக நிற்கும் நடுத்தகட்டில் மட்டுமே துளை போடலாம். வளையும்போது இழுவிசையும் அமுக்கமும் உச்சத்தில் இருப்பது மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும்தான். அங்கே போடும் ஒரு சிறிய துளைகூடக் காலப்போக்கில் விரிசலின் தொடக்கமாகிவிடும். சேஸிஸில் வெல்டிங் செய்வதும் அதே காரணத்தால் தவிர்க்கவேண்டியது: வெப்பம் பட்ட பகுதியில் எஃகின் வலிமை மாறிவிடுகிறது. தளத்தில் வெல்டிங் வைத்தாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டவேண்டும். இல்லையென்றால் என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பாதிக்கப்படலாம்.

கடையில் கிடைக்கும் எளிய பிராக்கெட்டுகள் பெட்டியை மேற்புறத்திலிருந்து பிடித்துத் தொங்கவிடுகின்றன. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவிகளோடு சேர்த்து ஒரு பெட்டி 150 கிலோவை எளிதில் தொடும். குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் போல்ட் தலைகள் மேல்தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதற்குப் பதிலாக 50×50×6 மி.மீ. ஆங்கிளில் (செங்கோணமாக மடிந்த இரும்புச் சட்டம்) எல் வடிவத் தாங்கிகள் இரண்டைச் செய்து, பெட்டி அவற்றின் மேல் உட்காரும்படி அமைத்தேன். வெளிமுனை முன்னும் பின்னும் ஆடாதிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வுத் தாங்கல் உண்டு. எடை முழுவதையும் இந்தத் தாங்கிகளே சுமப்பதால், பெட்டியைத் துளைக்கும் போல்டுகளுக்கு அதை நகராமல் பிடித்து வைக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. 8.8 தர (அதிக வலிமை கொண்ட) எம்12 போல்டுகள் (12 மி.மீ. விட்டம்), தானே தளராதபடி உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டுகள், பெட்டிக்கு உட்புறம் சாதாரண வாஷருக்குப் பதில் நீளமான பட்டைத் தகடு ஆகியவற்றைப் பயன்படுத்தினேன். பொருத்திய பிறகு முதல் சில லோடுகள் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி முடுக்குவது அவசியம், ஏனெனில் இடையில் உள்ள பெயிண்ட் அமுங்கி இறுக்கம் குறைந்துவிடும். அதன்பின் நட்டிலிருந்து தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், தளர்ந்த நட்டு குனிந்து பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இரும்பா, அலுமினியமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. இந்த அளவில் இரும்புத் தகட்டின் எடை மட்டும் 32 கிலோ வரும், அலுமினியம் அதில் பாதிதான். மிச்சமாகும் எடை சரக்குக் கணக்கில் சேரும். இரும்புப் பெட்டி கல்லடியையும் ஜாக்கியின் உராய்வையும் பொருட்படுத்தவில்லை, ஆனால் தாங்கிக்கும் பெட்டிக்கும் இடையில் சேறு தங்கிய இடத்திலும் அடித்தகட்டின் மடிப்பிலும் பெயிண்ட் உப்பித் துரு கிளம்பியது. அலுமினியத்தில் துரு இல்லை. பதிலுக்கு நசுங்கல்கள் ஏராளம். அது இரும்புத் தாங்கியைத் தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. ஈரம் படும்போது இந்த இரு உலோகங்களும் மின்கலத்தைப் போல இயங்கி, அலுமினியம் அரிக்கப்படுவதே அதற்குக் காரணம். நீரை உறிஞ்சாத பாலிஎத்திலீன் பட்டையை இடையில் வைத்த பிறகு அது நின்றுவிட்டது.

கதவு கீழ்நோக்கித் திறப்பதாக இருந்தால் அதுவே சிறிய வேலை மேசை ஆகிவிடுகிறது. கதவைத் தாங்கும் சங்கிலி மட்டும் உறுதியாக இருக்கவேண்டும். 900 மி.மீ. அகலக் கதவுக்கு ஒற்றைப் பூட்டு போதாது என்பது என் முடிவு. நடுவில் மட்டும் இழுத்துப் பிடித்தால் மூலைகளில் கதவோர ரப்பர் அமுங்காமல் நின்று, அந்த இடைவெளியில் தூசி புகுகிறது. உண்மையில் மழையைவிடத் தூசிதான் பெரிய தொல்லை. பின்சக்கரத்தின் பக்கமுள்ள பெட்டிச் சுவரில் ஒரு மட்கார்டு தகட்டைச் சேர்த்ததில் பாதித் தூசி நின்றது. அடித்தகட்டின் வடிகால் துளைகளுக்கு ரப்பர் மடல் போட்டதில் மீதியில் கணிசமானது குறைந்தது. பூட்டுத் துளைக்கு எண்ணெய் விட்டால் அது தூசியைப் பிடித்துப் பசையாக்கும். கிராஃபைட் பொடி நன்றாக வேலை செய்கிறது. ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரவில் தகடு குளிர்ந்து உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், ஆதலால் மின்சாரக் கருவிகளும் மீட்டர்களும் கேபினுக்குள்தான் பயணிக்கின்றன.

பொருத்துவதற்கு முன் லாரிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்து, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னி இறங்கும் வழி, காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பிரேக் சேம்பர் ஆகியவற்றைப் பெட்டி மறைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பக்க விளக்குகளும் பிரதிபலிப்பான்களும் மறையக் கூடாது, கதவுக் கைப்பிடி தளத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. ஸ்பிரிங் மாற்றும் வேலை வந்தபோது நான்கு போல்டுகளைக் கழற்றிப் பெட்டியை முழுதாக இறக்க முடிந்தது. பெட்டிக்குள் விளக்கு போட்டிருப்பவர்கள் அதன் வயரையும் கழற்றி மாட்டும் கனெக்டரோடு விடுவது நல்லது.